சன்னல் வழியே வந்த கேள்விகள்

அக்கா, இன்றைக்கும் பள்ளிபாளையம் ஓய்வூதிய முகாமில் அதிகாரியின் மேசையைச் சன்னலுக்கு முதுகு காட்டித்தான் போட்டிருந்தார்கள். பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

விசைத்தறிச் சத்தத்தில் பாதி ஆயுளைக் கழித்த நமக்கு இரண்டே குரல்தான். ஒன்று ஊருக்கே கேட்கும். இன்னொன்று உதட்டோடு நின்றுவிடும். உதட்டை மட்டும் அசைத்தே தறிக்குத் தறி வீட்டுக்கதை முழுக்கப் பேசி முடிப்போம். தறிப் பெண்களுக்குச் சங்கம் தொடங்கி அலுவலகப் படியேறிய பிறகும் உங்களுக்கு மெதுவாகப் பேச வரவில்லை. "ஆபீசரு மூஞ்சி கடுகடுன்னு இருக்குதே, நம்ம வேலை நடக்குமா?" என்று முன்பொரு நாள் இதே முகாமில் என் காதில் ரகசியம் கேட்டீர்கள். கூடமே திரும்பிப் பார்த்தது. உங்களை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

அன்று நாம் கூட்டிப்போனது ராசம்மாவை. அறுபதைத் தாண்டியவர். காது முற்றிலும் போய்விட்டது, தறியில் நிற்கக் காலில் தெம்பில்லை. ஓய்வூதியம் வராவிட்டால் அடுப்பு எரியாது. அதிகாரியோ படிவத்திலிருந்து தலையைத் தூக்காமல் கத்திக் கத்திக் கேட்டார். ராசம்மா விழித்தார். நான் வாயைத் திறந்ததும், "அவங்களேதான் பதில் சொல்லணும். இல்லைன்னா விண்ணப்பத்தை எடுக்க முடியாது" என்றார்.

சட்டென்று ராசம்மா நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொல்லத் தொடங்கினார். எத்தனை வருடம் தறி ஓட்டினார், யார் பட்டறை, எல்லாம். பிறகுதான் பார்த்தேன். அதிகாரியின் முதுகுக்குப் பின்னால் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவர் கத்திய கேள்விகளை நீங்கள் உதட்டால் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். பதிலை ஒருமுறைகூடச் சொல்லித் தரவில்லை.

கையெழுத்தானதும் ராசம்மா அதிகாரியைக் கும்பிட்டார். "ஒவ்வொண்ணுக்கும் சாமி சாமின்னு கேட்டீங்க. நல்லா இருப்பீங்க."

சாமி என்ற அந்த அன்புச் சொல் அதிகாரி வாயிலிருந்து வரவேயில்லை, நீங்கள் சேர்த்தது. குழம்பிப்போய்த் திரும்பியவர் உங்களைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று பயந்தேன். சிரித்துவிட்டு, "உள்ளயே வாங்கம்மா" என்றார். அடுத்த ஆளைக் கொஞ்சம் கூச்சத்தோடு, "வாங்க சாமி" என்று கூப்பிட்டார்.

நீங்கள் எங்களை விட்டுப் போய் இரண்டு ஆடி கழிந்துவிட்டது. இன்று வேறு அதிகாரி. காது கேளாத இன்னொரு தறிக்காரம்மா விழித்துக்கொண்டிருந்தார். நான் வெளியே போய்ச் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கேள்விகளை உதட்டால் கேட்டேன்.

வேலை முடிந்து வெளியே வந்த அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்த ஆபீசரா சாமின்னு சொன்னாரு? ஆளைப் பார்த்தா அப்படித் தெரியலீங்களே."

உதட்டால் சொன்னாலே அவருக்குப் போதும். ஆனாலும் வாய்விட்டே சொன்னேன்.

"அது எங்கக்கா சொன்னதுங்க."

முகாமே திரும்பிப் பார்த்தது.