முக்காட்டுக்குள் நின்றவர்

2025 மார்ச் 7, வெள்ளி

இன்று சொல்லாதது: நான் நூலகத்தில் இருக்கவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் ஓகூஸ் நகரில் வகுப்பு முடிந்து, பிராண்டேயில் ரெயினால் இறங்கி, கிளோறியா அன்ரி வீட்டு ஜெபக் கூட்டத்துக்குப் போகிறேன். பிறகு நூலக வாசலில் வந்து நிற்பேன். கோயில் பூசை முடிந்து வரும் அம்மா அங்கே என்னைக் காரில் ஏற்றி, கிரின்ஸ்டெட் வீட்டுக்குக் கூட்டிவருவா. ஒரு வருசமாக இப்படித்தான்.

சாப்பிடும்போது அப்பா, கிளோறியா அன்ரியைக் கடையில் கண்ட கதையைச் சொன்னார். "அவவைக் கண்டால் மற்ற வரிசைக்கு மாறிடவேணும். இல்லாட்டிப் பால் வாங்கப் போனவன் ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டுதான் வருவான்."

அம்மாவுக்குச் சிரிப்பில் புரையேறியது. நானும் சிரித்தேன்.

மார்ச் 11, செவ்வாய்

கலை வரலாற்று வகுப்பில் கட்டுரை எழுத எனக்குக் கிடைத்தது, மைக்கலாஞ்சலோ முதுமையில் செதுக்கிய பளிங்குச் சிலை. புளோரன்ஸில் இருக்கிறது. சிலுவையிலிருந்து இறக்கிய இயேசுவின் உடல் சரிகிறது. ஒரு பக்கம் தாய் மரியாள், மறுபக்கம் மகதலேனா மரியாள். பின்னால், எல்லாருக்கும் மேலே, முக்காடிட்ட ஒரு கிழவர். நிக்கொதேமு என்கிறார்கள் பலர். இரவில் மறைவாக இயேசுவைத் தேடி வந்தவர். அடக்கம் செய்யும் நாளில்தான் வெளியே வந்தவர். சிற்பி அவருக்குத் தன் முகத்தையே கொடுத்தார் என்றும் சொல்கிறார்கள்.

அந்த முகத்தில் துக்கம் என்றாள் கூடப் படிக்கிற ஒருத்தி. பக்தி என்றார் ஆசிரியர். இருக்கலாம். ஆனால் தாயின் முகம் மகனின் தலையோடு ஒட்டியிருக்கிறது. யார் பார்த்தால் அவளுக்கென்ன? இவர் முகமோ துணியின் நிழலுக்குள். எனக்கு அது வெட்கமாகத் தெரிந்தது. நேசித்தவரை, உயிரோடு இருந்தபோது, பகலில் பார்க்கப் போகாத வெட்கம்.

மார்ச் 14, வெள்ளி

கூட்டத்துக்குப் போகவில்லை. உண்மையாகவே நூலகத்தில் இருந்தேன். அதுவும் பொய் மாதிரியே இருந்தது.

மார்ச் 23, ஞாயிறு

சொல்லிவிட்டேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தா.

"நான் கிளோறியா அன்ரி வீட்டை ஜெபத்துக்குப் போறனான் அம்மா. ஒரு வருசமா. ஞானஸ்நானம் எடுக்கப் போறன்."

"ஆர் உன்னை மாத்தினது?"

"ஒருத்தரும் இல்லை. நானாத்தான் போனனான்."

"அப்ப, ஒவ்வொரு கிழமையும் நூலக வாசல்ல நிண்டு எனக்குக் கையாட்டினியே, அது?"

மாறினதைவிட அந்தக் கையாட்டல்தான் அவவுக்குக் கூடுதலா நொந்தது — அது எனக்கு ஏன் முதலே விளங்கேல்லை? எனக்கு அழுகை வந்திட்டுது.

அப்பா ரீவியை நிறுத்தினார். "எங்கடை வீட்டிலையும் ஒரு வேதக்காரி" என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே போனார். பகிடியாகச் சொல்லவில்லை.

மே 2, வெள்ளி

கட்டுரையில் 'வெட்கம்' என்றே எழுதினேன். ஓரத்தில் ஆசிரியர் கேட்டிருக்கிறார்: ஆதாரம் எங்கே?

ஜூன் 15, ஞாயிறு

ஸ்கீவ கடலோரத்தில் ஞானஸ்நானம் எடுத்தேன். வெயில் எறித்தும் தண்ணீர் குளிர்ந்தது. அம்மா நெற்றியில் திருநீற்றோடு வந்து, கூட்டத்திலிருந்து தள்ளி, துவாயோடு நின்றா. அவர்கள் பாடியபோது வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தா. நான் கரையேறியதும் கிட்ட வந்தா.

"தலையைத் துடை. தடிமன் பிடிக்கப் போகுது."

அப்பா வரவில்லை.