டிராம் நேரத்துப் பேச்சு

ஒராதியா,
அக்டோபர் மாதம், முதல் உறைபனி விழுந்த செவ்வாய்க்கிழமை.

என் கண்ணு தமாரிஸுக்கு,

உன் வீட்டுக்குச் சமாதானம் உண்டாகட்டும். அம்மா எழுதுகிறேன். ஆண்டவர் கிருபையில் நானும் அப்பாவும் எழுந்து நடமாடுகிறோம், என் முழங்கால் மட்டும் யார் கிருபைக்கும் கட்டுப்படாமல் தன் இஷ்டத்துக்கு வலிக்கிறது. நீயும் மருமகன் ராடுவும் பேத்தி நொஎமியும் அங்கே போர்ட்லண்டில் சுகமாக இருக்கிறீர்களா, அந்த ஊர் மழை இன்னும் விடவில்லையா? இந்தக் கடிதம் நம் சபை சிஸ்டர் ஒலிம்பியா அங்கே தன் மகனைப் பார்க்க வரும்போது கொண்டுவரும் பெட்டியில் இருக்கும். அதில் பிளம் ஜாம் மூன்று பாட்டில், சகூஸ்கா நான்கு பாட்டில் வைத்திருக்கிறேன். இந்த வருஷம் அந்தத் தொக்குக்கான குடைமிளகாயையும் கத்தரிக்காயையும் பால்கனியில் நானே சுட்டுத் தோலுரித்தேன், மாடி வீட்டுக்காரி புகை வருகிறது என்று சண்டைக்கு வந்தவள் போகும்போது ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டு போனாள். நொஎமிக்கு ஒரு ஜோடி கம்பளிச் சாக்ஸ் பின்னியிருக்கிறேன். அவளுக்குப் போட்டுவிடும் முன் இடது சாக்ஸுக்குள் கையை விட்டுப் பார், ஒரு சாமான் இருக்கிறது. அது என்ன என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

முதலில் போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நீ போன் செய்தபோது என் கையெல்லாம் கத்தரிக்காய்ச் சதை, அதனால் அப்பா எடுத்தார். தொண்டை ஆபரேஷனில் குரல் போனபிறகு அவராக எடுத்தது அதுதான் முதல் தடவை. நீ "ஹலோ, ஹலோ, அம்மா, கேக்குதா?" என்று கத்தினாய், பிறகு "சே, லைன் சரியில்லை" என்று வைத்துவிட்டாய். உன்மேல் தப்பே இல்லை, போனில் மௌனம் கேட்டால் யாரும் அதைத்தான் செய்வார்கள். ஆனால் அவர் அந்தப் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார் தமாரிஸ். அன்றிலிருந்து மணி அடித்தால் போதும், தண்ணீர்க் குவளையைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போய்விடுகிறார். இப்படி ஊற்றினால் என் ஜெரேனியம் பூச்செடி வேர் அழுகிப்போகும், அதைக் கேட்பாரில்லை. அவர் உன் பக்கமே வராமல் ஒதுங்கிப்போய்விடுவாரோ என்று எனக்குப் பயம்.

மற்றபடி உடம்பு தேறிவருகிறது. கழுத்துத் துவாரத்தின் மேல் நான் தைத்த துணியைக் கட்டிக்கொள்கிறார், சூப் குடிக்கிறார், ரொட்டியை ஊறவைத்துச் சாப்பிடுகிறார். தொண்டையில் வைத்துப் பேசும் கருவி ஒன்று உண்டு, பழகிக்கொள்ளலாம் என்று டாக்டரம்மா சொன்னார், இன்னொரு நோயாளியை அதில் பேசிக்காட்டவும் சொன்னார். அது ஏதோ இரும்புப் பெட்டிக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. அப்பா தம் சிலேட்டில் "இன்னொருத்தர் குரலா? போதும்" என்று எழுதி டாக்டரம்மாவுக்கு நேரே திருப்பிப் பிடித்தார். பாவம் டாக்டரம்மா, அதன் அர்த்தம் அவருக்கு எங்கே புரியப்போகிறது.

உனக்குப் புரியும். நம் சபை டிவி நிலையத்துக்கு அமெரிக்காவிலிருந்து வீடியோ கேசட் வரும், டெக்சாஸ் போதகர் வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு கையை ஆட்டி ஆட்டிப் பிரசங்கம் பண்ணுவார், அப்பா அதை நம் மொழியில் பேசுவார், நான் வெட்டி ஒட்டி ஒளிபரப்புக்குக் கட்டித் தருவேன். உனக்கு முகம்பார்க்கத் தெரியும் முன்பே தொடங்கிய வேலை, நீ கல்யாணமாகிப் போனபிறகும் ஓடியது. நீ பள்ளிக்கூடத்தில், என் அப்பா டிவியில் வருகிறார் என்று சொல்லி, எங்கே காட்டு என்று பிள்ளைகள் கேட்டதற்கு அந்த டெக்சாஸ்காரரைக் காட்டினாயே, ஞாபகம் இருக்கிறதா? அவர் தலைமயிர் அப்படியே பொன்னிறம், உன் அப்பாவுக்கு அப்போதே வழுக்கை.

ஊரில் அப்பாவின் முகம் யாருக்கும் தெரியாது, குரலைத் தெரியாதவர்கள் கிடையாது. சந்தையில் செர்ரிப்பழம் என்ன விலை என்று வாயைத் திறந்தால் போதும், கண்டுபிடித்துவிடுவார்கள். ஒரு தடவை பழக்காரி தராசை அப்படியே விட்டுவிட்டு, "பிரதர், நீங்கதானே அது! என் முழங்காலுக்கு ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போங்க" என்று பிடித்துக்கொண்டாள். அப்பா நெளிந்துகொண்டே, "அம்மா, ஜெபமெல்லாம் டெக்சாஸ்ல இருக்கு, எங்கிட்ட சத்தம் மட்டுந்தான்" என்றார். அவள் விடவில்லை, "அதனால என்ன, அந்தச் சத்தத்தையாவது முழங்கால்ல வெச்சிட்டுப் போங்க" என்றாள். பிறகு நடுச்சந்தையில் அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஜெபம் பண்ணினார், டெக்சாஸ் குரலில் இல்லை, முணுமுணுப்பாக. இப்போது என் முழங்கால் வலிக்கும்போதெல்லாம் அந்தப் பழக்காரி நினைவுக்கு வருகிறாள்.

போதகர் மேடையில் அழுதால் அப்பா அழமாட்டார். நிலையத் தலைவர் பிரதர் நவூம் வந்து, "கொஞ்சம் குரலாவது நடுங்கக் கூடாதா தெயோஃபில், ஜனங்க எதிர்பாக்குறாங்க" என்பார். "அவர் அழுறது அவருக்கும் ஆண்டவருக்கும் பிரதர், நான் வார்த்தையை மட்டும் எடுத்துக்கறேன்" என்பார் உன் அப்பா. அந்தப் பிடிவாதத்துக்காகத்தான் அவரை எனக்குப் பிடிக்கும், அதே பிடிவாதத்துக்காகத்தான் அவரோடு சண்டையும் போடுவேன்.

சபைக் கட்டடத்தின் மேல்மாடி அறையை நீ மறந்திருக்கமாட்டாய். சுவர் நெடுக வீட்டுக் கம்பளிகளை ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தோம், குளிர்காலத்தில் அவற்றில் ஒன்றைக் கழற்றி உனக்குப் போர்த்துவேன், அன்றைக்கு மட்டும் போதகரின் குரல் கொஞ்சம் எதிரொலிக்கும். எத்தனை கம்பளி போட்டும் டிராம் சத்தத்தை நிறுத்த முடியவில்லை. ஜன்னலுக்குக் கீழேதான் அது திரும்பும், திரும்பும்போது கிறீச்சென்று ஊரையே கூட்டும். பதிவு மெஷினோ கிழட்டு மெஷின், நிறுத்தினால் மறுபடி கிளம்ப அதற்கு மனசு வராது. அதனால் போதகரை மட்டும் திரையில் நிறுத்திவிட்டு, பதிவை ஓடவிட்டே டிராம் போகக் காத்திருப்போம். அந்த நேரத்தில்தான் அப்பா தம் சொந்தப் பேச்சைப் பேசுவார். பேசுவதற்கு முன் ஒரு 'ச்சு' கொட்டுவார், உனக்குத் தெரியுமே, வீட்டிலும் அப்படித்தான், உப்பு கேட்பதானாலும் ஒரு 'ச்சு', பிறகுதான் வார்த்தை. போதகராகப் பேசும்போது அது வராது. எனக்கு அது வசதி. ஹெட்போனில் 'ச்சு' கேட்டால் அங்கே கத்தரி, மறுபடி போதகர் குரல் வரும் இடத்தில் ஒட்டு. என் வேலையே அதுதான். எத்தனை வருஷப் பேச்சை அப்படி வெட்டிப்போட்டேன்!

ஆபரேஷனுக்கு முந்தின வாரம் நீ, நொஎமிக்காக அப்பா குரலைப் பதிவுசெய்து அனுப்பச் சொன்னாய். அது ஏன் வரவில்லை என்று இதுவரை உன்னிடம் சரியாகச் சொல்லவில்லை, தொண்டை வலி என்று மழுப்பிவிட்டேன். அவர் முயன்றார் கண்ணு. சமையலறை மேஜையில் ஜாம் பாட்டிலில் போனைச் சாய்த்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார், சிவப்புப் புள்ளி எரிந்ததும், "அன்பான சகோதர சகோதரிகளே" என்று முழங்கினார். இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். மறுபடி பேசினார், மறுபடி டெக்சாஸ். என்னைப் பார்த்துப் பேசுங்கள் என்றேன், என்னையே "அன்பான சகோதரி" என்றார். கடைசியில் போனைக் கவிழ்த்துவைத்துவிட்டு, "ச்சு, மைக்கைக் கண்டா அந்த ஆளு வந்துடறான் லீதியா, என் குரல் எதுன்னு எனக்கே தெரியலை" என்றார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது உன் கல்யாணத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான். மூன்று நாளில் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டோம்.

நீ பிறகு அழுதுகொண்டே, "அந்தப் போதகர் குரல் இன்டர்நெட் பூரா இருக்கும்மா, எங்கப்பா குரல் ஒரு துளி கூட இல்லை" என்றாய் அல்லவா, அது என்னைத் தூங்கவிடவில்லை. போன மாதம் நிலையத்தைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றுகிறார்கள், பழைய கேசட்டுகளை லாரியில் ஏற்றிக் கொட்டப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் ஓடினேன். இப்போது டெக்னிக்கல் எல்லாம் பார்ப்பது அன்றைக்கு எங்களோடு வேலைபார்த்த பெனி, அவனும் நரைத்துவிட்டான். "எதுக்கு சிஸ்டர் இந்தத் தூசியில நிக்கறீங்க, நிகழ்ச்சி பூரா கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு" என்றான். நிகழ்ச்சி முடிந்தபிறகு வருவதை ஏற்றினாயா என்று கேட்டேன். "முடிஞ்சபிறகு என்ன இருக்கும்?" என்று விழித்தான். கேசட்டுக்கு அப்போது எவ்வளவு தட்டுப்பாடு என்று இவனுக்கு மறந்துபோயிற்று. வேண்டியதை மட்டும் வேறு கேசட்டுக்கு நகலெடுத்துக்கொண்டு, வெட்டாத அந்தப் பதிவுக் கேசட்டின் மேலேயே அடுத்த வாரம் வேறு நிகழ்ச்சியைப் பதிவோம், புதிய நிகழ்ச்சி சின்னதாக இருந்தால் கடைசியில் கொஞ்சம் பழையது அழியாமல் தங்கிவிடும். அந்த வால் துண்டுகளைத்தான் நான் தேடிப் போனேன்.

ஓடக்கூடிய மெஷின் ஒன்றே ஒன்று இருந்தது, அதுவும் நாடாவைத் தின்கிற மெஷின். பெனி தலையிலடித்துக்கொண்டே உதவினான். வாரம் முழுக்கப் போனேன், அப்பாவிடம் பல் டாக்டர் என்று சொல்லிவைத்தேன், எனக்கு எத்தனை பல் இருக்கிறது என்று அவர் எண்ணிப் பார்க்கவில்லை. ஒரு வாலில் பாடகர்குழு பாதிப் பாட்டில் நின்றது, ஒன்றில் யாருடைய கல்யாணமோ, ஒன்றில் ஹங்கேரியச் சபையின் அறுப்புப் பண்டிகை, மற்றதெல்லாம் வெறும் வண்ணப் பட்டையும் கூய் என்ற சத்தமும். வெள்ளிக்கிழமை எனக்கே நம்பிக்கை விட்டுப்போய், பெனிக்குக் கொண்டுபோன பன் ரொட்டியை நானே தின்றுகொண்டிருந்தேன். அப்போது கேட்டது, 'ச்சு'.

திரையில் டெக்சாஸ்காரர் கையைத் தூக்கியபடி நிற்கிறார். "பிதாவானவர் தம்முடைய பிள்ளைகளை ஒருபோதும்" என்று போதகர் குரல் வந்து நிற்கிறது. பிறகு அந்த 'ச்சு', பிறகு உன் அப்பா. "நிறுத்து லீதியா, டிராம். எங்கே என் ராசாத்தி? கீழே உக்காந்து என்ன பண்றே? ஐயையோ, வயரைக் கடிக்காதேடி கண்ணு, அதுதாண்டி அப்பாவோட தொண்டை, கடிச்சேன்னா அப்பா ஊமையாயிடுவேன். லீதியா, தமாரிஸ் கால்ல சாக்ஸ் எங்கே? குறுக்குக் காத்து அடிக்குது பாரு. வா, மடியில ஏறு. போதகர் நிக்கட்டும், அவருக்கென்ன, அவர் ஊர்ல வெயிலடிக்குது." டிராம் கிறீச்சிடுகிறது, நீ கெக்கலித்துச் சிரிக்கிறாய், அவரும் சிரிக்கிறார். "போயிடுச்சா? போயிடுச்சு" என்கிறார். ஒரு செருமல், பிறகு மறுபடி போதகர் குரலில், "கைவிடுவதில்லை." அந்த வாரம் ஊருக்குப் போனது முன்னும் பின்னும்தான், நடுவில் இருந்தது எல்லாம் என் கத்தரிக்குப் போயிற்று. அங்கே தூசிக் கேசட்டுகளின் நடுவே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். பெனி மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "டிராம் சத்தத்தை மட்டும் எடுத்துட்டுச் சுத்தமா தரட்டுமா சிஸ்டர்?" என்றான். கை வைத்தாயோ பார் என்றேன்.

வீட்டில் அப்பா உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தார். பெனி ஏற்றித் தந்ததை அப்படியே போட்டுவிட்டேன். கத்தியைக் கீழே வைத்தார், ஸ்டூடியோவில் குனிவதுபோலவே தலையைக் குனிந்து கடைசிவரை கேட்டார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு சிலேட்டை எடுத்து, "இந்த ஆளை எனக்குத் தெரியும்" என்று எழுதினார். அதன் கீழே, "வாரம் பூரா பல் டாக்டரா?" என்றும் எழுதினார். அப்புறம் விரலைச் சுழற்றினார், மறுபடி போடு என்பதற்கு நம் ஸ்டூடியோ சைகை அது. உருளைக்கிழங்கு அன்று இரவு அப்படியே கிடந்தது, ரொட்டியும் ஜாமும் தின்றுவிட்டுப் படுத்தோம்.

சாக்ஸுக்குள் இருக்கும் பென் டிரைவில் அதுதான் இருக்கிறது, எதையும் வெட்டவில்லை. நொஎமிக்குப் போட்டுக் காட்டு. வீட்டில் இரண்டு பக்க ஜன்னலையும் ஒரே நேரத்தில் திறந்துவைக்காதே, பிள்ளைக்குக் குறுக்குக் காற்று ஆகாது என்று அப்பாவே அதில் சொல்கிறார், இனி அம்மா தொணதொணக்கிறாள் என்று சொல்லமுடியாது. ராடுவை இரவுப் பனியில் வண்டி ஓட்டவேண்டாம் என்று சொன்னேன் என்று சொல். சகூஸ்காவைத் திறந்தால் குளிர்பெட்டியில் வை. உங்களைப் படைத்தவர் தூக்கத்திலும் விழிப்பிலும் காத்துக்கொள்ளட்டும், குட்டியின் நெற்றியில் எங்கள் இருவர் முத்தமும்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. இந்தப் பெட்டி உன் கைக்கு வந்தபின் வரும் ஞாயிறு நீ கூப்பிடும்போது அப்பாவே எடுப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். குரல்தான் போயிற்று, நாக்கு இருக்கிறது. போனில் பேச்சே வராமல் ஒரு 'ச்சு' மட்டும் கேட்டால், லைன் சரியில்லை என்று வைத்துவிடாதே. அப்பா உன்னிடம் பேச ஆரம்பித்திருக்கிறார்.

இப்படிக்கு,
உன் அம்மா லீதியா

(அப்பா பக்கத்தில்தான் இருக்கிறார், எழுதியதைப் படித்துவிட்டு, கடிதம் நீளம், கொஞ்சம் வெட்டு என்கிறார். மாட்டேன் என்றேன்.)