சாக்பீஸ் டப்பா

அன்பு மகள் பர்ஹானாவுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். ஏற்காட்டுப் பனிக்கு இருமுவதைத் தவிர நானும் உன் அம்மாவும் நலமாகவே இருக்கிறோம், மஸ்கட் வெயிலில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க அல்லாஹ் அருள் புரியட்டும். தினமும் போனில் பேசுகிறவர் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் சொன்னால் சிரித்துப் பேச்சை மாற்றிவிடுவாய், இது எழுத்தில் இருக்க வேண்டிய விஷயம்.

போன வாரம் அம்மாவின் தையல் அலமாரியில் கரையான் ஏறிவிட்டது. கழுத்து வலி வந்து அவள் மெஷினை மூடி இரண்டு வருடமாகிறது, குனிந்து எடுக்க முடியாது, நானே ஒரு நாள் கடையைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் வெளியே இழுத்துப் போட்டேன். லேஸ் சுருள்கள், துருப்பிடித்த ஊக்குகள், உன் ஆண்டு விழாப் பாவாடைக்கு வாங்கி மிஞ்சிய சம்கி, வாழவந்தி ஊர் வெள்ளையம்மாளுக்குப் பின்ன ஆரம்பித்து ஒரு கை மட்டும் முடிந்த ஸ்வெட்டர். அதைக்கூட, இருக்கட்டுங்க, எதுக்காச்சும் ஆவும் என்கிறாள். அடித்தட்டில் ஒரு தகர டப்பா, அதில் துணியில் கோடு போடும் சாக்பீஸ்கள் ஈரத்தில் ஒரே கட்டியாகக் கிடந்தன. எறியப் போனவன் ஏதோ மின்னுகிறதே என்று கத்தரிக்கோல் பிடியால் தட்டி உடைத்தேன். உள்ளே ஆஷ்லின் வீட்டு வெள்ளிப் பொத்தான்கள், பன்னிரண்டும் இருந்தன.

உனக்கு அப்போது பத்து வயது. செம்மநத்தம் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் வீட்டுப் பெண் ஆஷ்லினின் கல்யாணக் கவுனில் வைத்துத் தைக்கச் சொல்லி, அவள் அம்மா தன் கவுனிலிருந்து பிரித்துக் கொடுத்த பொத்தான்கள் அவை. காணாமல் போன அன்றைக்கென்று நான் யாரிடமும் சொல்லாமல் சேலம் போயிருந்தேன். ஒரு கல்லூரியில் நேர்முகத் தேர்வு. எம்.ஏ. படித்துவிட்டு பஸ் ஸ்டாண்டில் பேனா விற்கிறேனே என்று போனேன், வேலை கிடைக்கவில்லை, அதை வீட்டில் சொல்ல வெட்கம். சேலம் பஸ்ஸிலிருந்து நான் இறங்கியதைப் பார்த்த உன் அஜ்மல் மாமா, பொத்தானை விற்கத்தான் போனேன் என்று மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டான். அன்றிலிருந்து ஒவ்வொரு பெருநாளும் பந்தியில் உட்கார்ந்ததும், மச்சான் வந்துட்டாருங்க, அவங்கவங்க பொத்தானப் பாத்துக்கங்க என்பான். பதினான்கு வருடமாக அதற்குச் சிரித்தவர்கள் ஒவ்வொருவரையும் நான் மறக்கவில்லை.

பொத்தானைப் பார்த்ததும் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். பனிக்கு வெள்ளி கறுத்துப் போவும், சாக்பீஸோட கெடந்தா கறுக்காதுன்னு நாந்தானுங்க போட்டு வெச்சேன், அந்த மழையில டப்பாவே கட்டி தட்டிப் போச்சுன்னு உள்ள தள்ளிட்டு வேற டப்பா எடுத்தவ, இத மறந்தே போயிட்டேனுங்க என்று அழுதாள். நீயாவது என்னைச் சந்தேகப்பட்டாயா என்று மட்டும் கேட்டேன். பட்டிருந்தா இந்த ஊட்டுல சோறாக்கிட்டு இருப்பனா என்றாள். அன்று மதியம் மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். மறுநாள் பஸ் பிடித்துப் போய் ஆஷ்லினின் அம்மா கையில் கொடுத்தேன். உங்கள நான் சந்தேகமா நெனச்சதே இல்லீங்க, உங்க ஊட்டம்மா சுபைதா மொகத்தப் பாக்கச் சங்கடப்பட்டுத்தான் அப்புறம் துணி குடுக்கல என்றார். பேத்திக்கு மே மாதம் சர்ச்சில் புது நன்மைச் சடங்காம், அந்தக் கவுனுக்கு சுபைதாவையே வெச்சுத் தைக்கச் சொல்லுங்க என்று பன்னிரண்டையும் திரும்ப என் கையிலேயே கொடுத்து அனுப்பினார். எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. அஜ்மலுக்கும் போன் போட்டேன். அட, அது வெளையாட்டுக்குங்க மச்சான் என்றான். அவனை மன்னிக்க எனக்கு இன்னும் இரண்டு பெருநாளாவது ஆகும், அம்மாவிடம் சொல்லாதே.

ஆனால் இந்தக் கடிதம் அஜ்மலுக்காக அல்ல. அந்த நாட்களில் நான் கடையிலிருந்து வந்ததும் என் சட்டைப் பையில் கை விட்டு மிட்டாய் எடுப்பாய். அஜ்மல் அப்படிப் பேசிய மறுநாள், மிட்டாயை எடுத்த பிறகும் கையை எடுக்காமல் பையின் மூலையைத் தடவித் தடவிப் பார்த்தாய். அதன் பிறகு பை வைத்த சட்டை நான் போட்டதே இல்லை. ஏன் அத்தா என்று நீ கேட்டபோதெல்லாம் பேனா மை ஒழுகும் என்று சொன்னது பொய். உன் மேல் எனக்கு வருத்தமில்லை கண்ணு. நீ அன்று தேடியது எங்கே இருந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் இருவருக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தருவானாக. மஸ்கட் வரும் ராஜ்குமாரிடம் மிளகும் காபித்தூளும் கொடுத்து அனுப்புகிறேன், காபித்தூள் டப்பாவை ஈரக் கையால் திறக்காதே. போன வருடம் நீ அனுப்பிய நீலச் சட்டையின் பையைப் பிரித்து வைத்திருந்தேன். அம்மா கழுத்து வலியோடு நேற்று மெஷினைத் திறந்து அதைத் திரும்ப வைத்துத் தைத்துவிட்டாள். ஜூலையில் நீ வந்து இறங்கும்போது அதைத்தான் போட்டுக்கொண்டு நிற்பேன், மிட்டாய் இருக்கும்.

உன் அத்தா,
முபாரக்