வேட்டியில் பட்ட வெளிச்சம்

செவ்வாய், இரவு

நாளை அகரத்தில் ஒரு வீட்டை விற்பனை விளம்பரத்துக்காகப் படம் எடுக்க வேண்டும். பழகிப் பார்க்க எங்கள் ஹாலையே எடுத்தேன். ஜன்னலே இல்லாத ஹால். டியூப்லைட்டை அணைத்து, என் கணவருடைய வெள்ளை வேட்டியைக் கொடியில் விரித்து, ஃப்ளாஷை அதன்மேல் திருப்பி அடித்தேன். படத்தில் காலை வெயில் வந்துவிட்டது. பெருமையாக அவரிடம் காட்டினேன். அதுதான் தப்பு.

"இம்புட்டு வெளிச்சம் இருக்கு, வேற வீடு எதுக்குடி?"

"அது வேட்டியில பட்டு வந்த வெளிச்சங்க."

"வீடு நல்லா இருந்தாத்தானே படம் நல்லா வரும்?"

நாங்கள் குடிபோகப் பார்த்து வைத்திருந்த வீட்டின் சொந்தக்காரரிடம் உடனே போனில் வேண்டாமென்று சொல்லிவிட்டார். வீடு மாற எத்தனை மாதம் கெஞ்சி இவரைச் சம்மதிக்க வைத்தேன்!

படத்தை அத்தைக்கும் அனுப்பியிருக்கிறார். பெரிதாக்கி இந்த ஹாலிலேயே மாட்டச் சொல்கிறார்களாம். அதைப் பார்க்கப் பட்டப்பகலிலும் டியூப்லைட் போட வேண்டும்.