வேம்பாரிலிருந்து நடந்த நான்கு நாள்

இன்று காலை கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் ஒரு வெள்ளைக்காரன் வந்து இறங்கினான். முதுகில் அவன் உயரத்துக்கு ஒரு பை. டீக்கடைக்காரர் துடைத்த பெஞ்சை இன்னொரு தடவை துடைத்து அவனை உட்கார வைத்தார். என்ன ஆள், எந்தத் தெரு என்று அவனை ஒருவரும் கேட்கவில்லை. பக்கத்தில் போனபோது அந்தப் பையிலிருந்து கடல் வாடை வந்தது. எனக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது. வேலைக்குப் போகாமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உன்னிடமும் ஒரு பை இருந்தது. உரச்சாக்கை வெட்டி, கோணி ஊசியால் நீயே தைத்தது. எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம் அது. நீ தீப்பெட்டி ஆபீஸில் மருந்து முக்கும் வேலையில் இருந்தாய். நான் காலேஜை முடித்துவிட்டு, வேலை கிடைக்காமல், புரட்சி பேசிக்கொண்டு திரிந்தேன். ஒருநாள் கடலை மடித்து வந்த பத்திரிகைத் தாளில் ஆஸ்திரேலியக் கடற்கரைப் படம். மணலில் ஒரு கங்காரு. முதுகில் பையோடு இரண்டு பேர் தள்ளி நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கரையோரமாகவே வாரக்கணக்கில் நடந்து, அந்த நாட்டு மிருகங்களையும் பறவைகளையும் தேடிப் பார்ப்பார்கள் என்று கீழே எழுதியிருந்ததை நான் படித்துச் சொன்னேன்.

"பாத்துட்டு என்ன செய்வாவ?"

"ஒண்ணும் செய்ய மாட்டாவ. சும்மா பாப்பாவ."

வெகுநேரம் அந்தப் படத்தையே பார்த்தாய். "ஏலே, நமக்குக் கடல் இல்லியா? அங்கன ஒண்ணும் உசுரோட இருக்காதா? பொங்கலுக்கு ஆபீஸ் லீவு. போவமா?"

ஊருக்குள் நீ என்னை அப்படிக் கூப்பிட முடியாது. ஊரில் பாதி நிலம் எங்கள் அய்யாவுடையது. உன் அய்யா அதில் கூலி வேலை. எட்டாவதோடு உன்னை நிறுத்தி, எங்கள் கம்மம்புஞ்சையில் பறவைக் காவலுக்கு வைத்ததும் எங்கள் அய்யாதான். நான் அதே வருஷம் ஒன்பதாவதுக்குப் போனேன். ஊரில் நான் உனக்குச் சின்ன மொதலாளி. கோவில்பட்டிக்கு வந்தால்தான் "ஏலே".

வேம்பாரில் இறங்கி, கடலை இடது கைப் பக்கம் வைத்துக்கொண்டு தெற்கே நடக்கத் தொடங்கினோம். கரிசல்காட்டுக் கால்கள். மழையில் அப்பிப் பிடிக்கும் மண்ணைத்தான் அதுவரை தெரியும். மிதித்த தடம் உடனே நிறைந்து மறைகிற மண்ணை அன்றுதான் பார்த்தோம். உனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இந்த மண்ணு யாரையும் ஞாபகம் வச்சுக்கிடாது போலயே" என்றாய். முதல் நாள் நண்டுகள். ஒவ்வொரு வளையாகக் குனிந்து விசாரித்துக்கொண்டே வந்தாய். அலை பின்வாங்கும்போதெல்லாம் உள்ளான் குருவிகள் அதன் பின்னால் ஓடின. அலை திரும்பியதும் அவையும் திரும்பி ஓடிவந்தன. கடலும் குருவிகளும் ஏதோ விளையாட்டை முடிக்க மனமில்லாமல் இருந்தன. இன்றைக்கும் அது எனக்குக் கனவில் வரும்.

இரண்டாம் நாள், கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் தண்ணீர் கேட்டோம்.

"எந்தூரு? என்ன யாவாரத்துக்கு வந்திய?"

"மிருகம் பாக்க வந்தோம்க்கா" என்றாய் நீ.

"எங்க வீட்டு ஆம்பள உள்ளதான் படுத்துக் கெடக்கு. பாத்துட்டுப் போங்க."

சிரித்துக்கொண்டே செம்பை நீட்டினார். நீ வாங்காமல், குனிந்து இரண்டு கையையும் குவித்து ஏந்தினாய். எங்கள் வீட்டு வாசலில் உனக்கு அப்படித்தான் ஊற்றுவார்கள்.

"கைய எதுக்குய்யா ஏந்துத? செம்ப வாங்கிக் குடி."

குடித்தாய். அதே செம்பில் நானும் குடித்தேன். ஏதோ சாதித்துவிட்டதைப் போல நெஞ்சு நிமிர்ந்துகொண்டது எனக்கு. மடையன். அந்த அம்மாதான் தருவைக்குளம் பக்கம் போனால் ஆவுளியா, அதாவது கடல்பசு, தென்படும் என்றார்.

மூன்றாம் நாள் விடியற்காலை, வைப்பாறு கடலில் சேரும் இடம். முழங்கால் ஆழத் தண்ணீர் கண்ணாடி போலக் கிடந்தது. உடைமரத்துக்குப் பின்னால் குப்புறப் படுத்துக் காத்திருந்தோம். வடக்கே வெளுத்த ஒரு கோடு தெரிந்தது. கிட்ட வரவரக் கழுத்தும் காலுமாக நீண்டது. பூநாரைகள். வானம் கொள்ளாத கூட்டம், நேராக எங்களுக்கு முன்னால் இறங்கியது. முதல் வரிசை தண்ணீரைத் தொடுவதற்குள் நீ எழுந்துவிட்டாய்.

"ஓஓஒய்! ஏஏ ஹோய்!"

இரண்டு கையையும் வீசிக்கொண்டு ஓடினாய். எத்தனை வருஷம் எங்கள் புஞ்சைப் பரணில் நின்று கத்திய கத்தல். ஒரு கதிர் சேதமானாலும் முதுகில் விழுந்த அடி. கூட்டம் இறங்குவதைக் கண்டதும் உன் உடம்பு உன்னைக் கேட்கவில்லை. பறவைகள் அப்படியே திரும்பின. எல்லாச் சிறகும் ஒரே நேரத்தில் விரிந்ததும், உள்ளே ஒளித்திருந்த சிவப்பு வானம் முழுக்கப் பற்றிக்கொண்டது. நீ வாயைத் திறந்தபடி நின்றாய். அதைவிட அழகான ஒன்றை நான் இதுவரை பார்த்ததில்லை.

அதைப் பார்த்துக்கொண்டேதான் கத்தினேன். "ஏலே, அறிவு கெட்ட நாயே! எங்க புஞ்சையில நிக்கம்னு நெனப்பாலே ஒனக்கு?"

என் குரல் இல்லை அது. வார்த்தைக்கு வார்த்தை எங்கள் அய்யாவின் குரல்.

உன் கைகள் இறங்கி நெஞ்சுக்கு முன்னால் கட்டிக்கொண்டன. "தப்புத்தாங்க மொதலாளி."

அதன் பிறகு நீ எனக்குப் பத்தடி பின்னால் நடந்தாய். நான் நின்றால் நீயும் நின்றாய். "கோவத்துல சொல்லிட்டம்லே" என்றேன். "இருக்கட்டுங்க" என்றாய். மத்தியானம் ஓங்கில் என்று சொல்லும் டால்பின்கள் துள்ளித் துள்ளிக் கரையை ஒட்டிப் போயின. நான் கவனிக்கவில்லை. "அங்கன ஓங்கில் போகுதுங்க" என்று பின்னாலிருந்து சொன்னாய். கடல் முழுக்கப் பார்க்க இருந்தது. அந்த "ங்க" கேட்ட பிறகு எனக்கு எதுவும் தெரியவில்லை. புத்தகம் புத்தகமாகப் படித்து என்ன? உடைமரத்தடியில் ஒரு நொடியில் எனக்குள்ளிருந்த பண்ணையார் எழுந்து நின்றுவிட்டார்.

நாலாம் நாள் தருவைக்குளத்துக்கு இந்தப் பக்கம், தோளில் பையும் மனசில் கல்லுமாக நான் முன்னால் போய்க்கொண்டிருந்தேன். வெயில் தண்ணீரின் அடிவரை இறங்கியிருந்தது. கீழே கடல்புல் அசைவது தெரிந்தது.

"ஏலே! ஏலே! இங்கன வாலே, சீக்கிரம்!"

திரும்பி ஓடினேன். இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தாய். கொஞ்சத் தூரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய முதுகு மெல்ல மேலே வந்து மூச்சு விட்டது. அதை ஒட்டி ஒரு சின்ன முதுகு. "கன்னுக்குட்டிலே" என்றாய் ரகசியம் போல. என் தோளைப் பிடித்திருந்தாய். தாயும் குட்டியும் புல் மேய்ந்து, மூச்சு விட்டு, புல் மேய்ந்து, ஆழத்துக்குப் போகும்வரை அந்தக் கையை எடுக்கவில்லை. எத்தனை நேரம் என்று தெரியாது. அப்புறம் நீ என்னைப் பார்த்தாய். "நேத்து நீ உங்க அய்யா மாதிரியே கத்துனலே. எனக்கு நெசமாவே அவருதான் வந்துட்டாருன்னு ஆயிட்டு" என்று சொல்லிவிட்டு, நீதான் முதலில் சிரித்தாய்.

தூத்துக்குடி போய் பஸ் ஏறினோம். எப்போதும்வென்றான் ஊரைத் தாண்டி, எங்கள் ஊருக்கு ஒரு மைல் முன்னால் நீ எழுந்து பையை மாட்டிக்கொண்டாய்.

"சேந்து எறங்குனா உங்க அய்யா பாத்துருவாரு. நான் இங்கன எறங்கி நடந்து வாரேன்லே."

நான் "சரி" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். நாலு நாள் உன்னோடு நடந்தவன் அந்த ஒரு மைலுக்கு எழுந்திருக்கவில்லை. ஆறு வருஷம் கழித்துத் தீப்பெட்டி ஆபீஸில் மருந்து தீப்பிடித்து நீ செத்துப்போனாய். வெளியே பூட்டியிருந்த கதவைப் பற்றி ஒரு பேப்பரும் எழுதவில்லை. இன்னொரு தடவை கடலுக்குப் போவோம் என்று சொல்லிக்கொண்டே இருந்தோம்.

இப்போதும் ஊருக்குப் போனால் அன்று நீ இறங்கிய இடத்தில்தான் இறங்குகிறேன். எதிரே வருகிறவர்கள், "என்ன அண்ணாச்சி, பஸ்ஸு ஊருல நிக்கலியா?" என்கிறார்கள். நிற்கும் என்று சொல்லிவிட்டு நடக்கிறேன். இரண்டு பக்கமும் கரிசல். சாலையில் இன்னொரு ஆள் நடக்க இடம் இருக்கிறது.