அடுப்படி இருந்த இடத்தில் ஆறு

2009 ஆகஸ்ட் 3
மழை. எரிமலைச் சாம்பல் பழைய பாதையை அடைத்ததிலிருந்து ஆறு எங்கள் வீட்டுக்குப் பின்னால்தான் ஓடுகிறது. தண்ணீரா அது? கரைத்த சிமென்ட். கரையை அரித்து இன்று கோழிக்கூட்டையும் கொண்டுபோய்விட்டது.

தெயோ அசையவில்லை. "அது பழைய வழிக்கே போயிடும், ஓத்தி. அதுக்குன்னு ஒரு வீடு வாசல் இருக்குல்ல?"

என் கணவர் ஆற்றுக்கு வக்கீல்.

ஆகஸ்ட் 9
வீட்டை மேட்டுக்கு இழுத்துவிடலாம். மரவீடுதானே. மாடு பூட்டி, ஊரே வடம் பிடித்தால் முழுசாக நகரும். கூலி கிடையாது, வயிறாரச் சாப்பாடு. அதுதான் மிங்கா.

ஆனால் ஊர் எங்கே? பாதிப் பேர் சாம்பல் விழுந்தபோதே மேட்டுக்குக் குடிபோய்விட்டார்கள். "பயந்தாங்கொள்ளிங்களா!" என்று அவர்கள் முதுகுக்குப் பின்னால் கத்தியவர் இவர்தான்.

ஆகஸ்ட் 12
இவருக்குத் தெரியாமல், மேட்டுக்குக் குடிபோன நோல்பெர்த்தோவிடம் போனேன். மாடுகள் அவரிடம்தான் இருக்கின்றன. சூடாக மாத்தே இலைத் தேநீர் கொடுத்து உட்காரவைத்தார்.

"நீ கேட்டா செல்லாதும்மா. வீட்டுக்காரன் வாசல் வாசலா வந்து கேக்கணும். அதானே முறை? அவன் வரட்டும்."

ஆகஸ்ட் 13
சொன்னேன். "வீடு போனா இன்னொண்ணு கட்டிக்கிறேன்" என்கிறார். குனிந்து பூட்ஸ் மாட்ட முடியவில்லை, வீடு கட்டுவாராம்! உங்களுக்கு ஆத்தப் பாத்து பயமா, நோல்பெர்த்தோவப் பாத்து பயமா? — வாய்வரை வந்தது. குனிந்து அவர் பூட்ஸை மாட்டிவிட்டேன்.

ஆகஸ்ட் 17
ஆப்பிள் மரம் வேரோடு போனது. தெயோ பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு உள்ளே வந்து சட்டை மாற்றி, தலை சீவி, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு மேட்டுக்குக் கிளம்பினார். என்னைப் பெண் கேட்டு அப்பாவிடம் வந்தபோதும் இதே கோலம்தான். ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஆகஸ்ட் 22
எல்லாரும் வந்தார்கள். நோல்பெர்த்தோ வாசலில் நின்று, "பயந்தாங்கொள்ளிங்க வந்திருக்கோம். வடம் எங்கடா?" என்றார். தெயோ சிரிக்கப் பார்த்து அழுதுவிட்டார்.

வீடு நகர்ந்தது. உருளைக்கிழங்கு அடை சுட்டுச் சுட்டு என் கை வெந்தது.

2010 ஜூன் 20
பழைய மனையை ஆறு எடுத்துக்கொண்டது. நான் அவரிடம் சொல்லவில்லை. அவரும் பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொல்லவில்லை.

2011 அக்டோபர் 4
ஆறு சாம்பலைக் கடலுக்கு வாரிக்கொண்டே இருக்கிறது. அடியில் கூழாங்கற்கள் தெரிகின்றன. சத்தம்கூட வந்துவிட்டது. இத்தனை நாள் ஊமையாக அல்லவா ஓடியது!

2013 பிப்ரவரி 10
தெயோ ஒரு பெரிய மீனோடு வந்தார்.

"எங்க பிடிச்சீங்க?"

"உன் அடுப்படியில."

பழைய மனையில் இடுப்பளவுத் தண்ணீராம், அடியில் கல் தெரிகிறதாம். வீட்டோடு நகர்ந்து வந்த அதே அடுப்பில்தான் மீனைப் பொரித்துக்கொண்டிருக்கிறேன். நோல்பெர்த்தோவைச் சாப்பிடக் கூப்பிட அவரே போயிருக்கிறார், தலை சீவிக்கொண்டு.