இரண்டாவது மிதி

மார்ச் 4

வண்டியை மாற்றுவது என்று முடிவாகிவிட்டது. முடிவு என்னுடையதல்ல. மகள் போனில் சொன்னாள். அவள் அம்மா, இவளும் என் பக்கத்தில் நின்று தலையாட்டினாள்.

"அப்பா, அந்த டப்பாவ இன்னும் எவ்வளவு நாள் கட்டிக்கிட்டு அழப்போறீங்க?"

டப்பாவாம். அவளைக் காலேஜில் கொண்டுபோய் விட்டது எந்த டப்பா?

குறை இருக்கிறதுதான். பிரேக் முதல் மிதியில் பிடிப்பதில்லை. பெடல் தரைவரை போய்விடும். காலை எடுத்து மறுபடி மிதித்தால் பிடிக்கும். உள்ளே இருக்கிற பாகத்தையே மாற்றவேண்டும் என்றான் மெக்கானிக். எனக்குத் தெரியாதா இவன்கள் பிழைப்பு? நான் எடை மேடையில் உட்கார்ந்து காலம் தள்ளியவன். சரக்கு லாரியை எடை போடும்போது இருக்கைக்கு அடியில் ஆளைப் படுக்கவைத்து எடையைக் கூட்டுவார்கள். இறங்கடா என்று காலைப் பிடித்து இழுத்திருக்கிறேன். என்னிடமா? மெக்கானிக்கைப் போடா என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அன்றிலிருந்து இரண்டு மிதி. என் கால் தானாகவே பழகிக்கொண்டது.

விற்கும்போது இதைச் சொல்லவேண்டுமா? இதே வண்டியை எனக்கு விற்றவன் ஒரே ஆள் ஓட்டியது என்றான். பிறகு பார்த்தால் எனக்கு முன்னால் மூன்று பேர். அன்றைக்கு எனக்கு யார் உண்மை சொன்னார்கள்?

மார்ச் 7

பழைய கார் கடைக்குப் போனேன். நடத்துவது ஒரு பெண்மணி. நாற்பது, நாற்பத்தைந்து இருக்கும். மேஜை சுத்தமாக இருந்தது. நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

"வண்டியப் பத்தி நான் தெரிஞ்சுக்கவேண்டியது ஏதாவது இருக்காங்கய்யா?"

"என் கைல ஒரு நாள்கூட ஏமாத்தினதில்ல" என்றேன்.

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த வாக்கியம். பொய் இல்லை. என் கையில் ஏமாற்றியதில்லைதான்.

"தம்பி வெளிய போயிருக்கான். வந்ததும் ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கட்டும்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "என் பேச்சுல நம்பிக்கை இல்லன்னா விட்டுருங்க. வேற கடை இருக்கு" என்று எழுந்துவிட்டேன். நிஜமாகவே கோபம் வந்தது, அதுதான் வேடிக்கை. "ஐயையோ, அப்படியில்லங்கய்யா" என்று பதறி அவரும் எழுந்தார். சரி, நானே ஓட்டிக் காட்டுகிறேன் என்று பக்கத்தில் உட்காரவைத்து ஒரு சுற்றுப் போனேன்.

"ஏன் ரெண்டு தடவ மிதிக்கிறீங்க?"

"பழக்கம்."

அவர் சிரித்தார். "எங்கப்பாவும் இப்படித்தான். ஸ்கூட்டர் ஹாரன ரெண்டு தடவதான் அடிப்பாரு."

நல்ல விலைக்கே எடுத்துக்கொண்டார். என் வண்டியை அங்கேயே விட்டேன்; பதிலுக்கு அங்கே நின்ற சாம்பல் நிற வண்டி எனக்கு. காகித வேலை முடிந்ததும் வந்து கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொள்ளலாம்.

மார்ச் 8

பொய் என்று ஒரு சொல்கூட நான் சொல்லவில்லை.

மார்ச் 12

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன்.

கையெழுத்துப் போடப் போனேன். என் பழைய வண்டி கடைக்குப் பின்பக்கம் மூக்கு நசுங்கி நின்றது. பக்கத்தில் இன்னொரு வண்டிக்குக் கதவு உள்ளே போயிருந்தது. அந்த அம்மாவின் தம்பி மணிக்கட்டில் மாவுக்கட்டோடு வாசலில் உட்கார்ந்திருந்தான். கடையின் பின்பக்கம் சரிவு. வண்டியைக் கழுவ அங்கே இறக்கியிருக்கிறான். பிரேக்கை மிதித்திருக்கிறான்.

"பிடிக்கலக்கா. சத்தியமா பிடிக்கல."

"நான் மிதிச்சுப் பாத்தேன், கல்லு மாதிரி நிக்குது. போனப் பாத்துக்கிட்டே ஓட்டியிருப்ப."

"போன் உள்ள மேஜைல இருந்துச்சுக்கா!"

"வாய மூடு. இந்தா, ஐயாவே வந்துட்டாரு. அவரு கைல ஒரு நாள்கூட ஏமாத்தாத வண்டிடா இது. உன் கைக்கு வந்ததும் எப்படிடா ஏமாத்தும்?"

அவன் என்னைப் பார்த்தான். ஐயா, நீங்களாவது சொல்லுங்களேன் என்கிற மாதிரி ஒரு பார்வை.

இனிமேல் அவனிடம் எந்த வண்டிச் சாவியும் தரப்போவதில்லை என்று அந்த அம்மா என்னிடமே சொன்னார். பில் போடட்டும், தூசி தட்டட்டும், அது போதுமாம்.

நான் கையெழுத்துப் போட்டேன். சாவியை வாங்கிக்கொண்டேன். வந்துவிட்டேன்.

அவ்வளவுதான். வந்துவிட்டேன்.

மார்ச் 13

அந்தத் தம்பியும் நன்றாகப் பார்த்து ஓட்டியிருக்கலாம். கை பிரேக் எதற்கு இருக்கிறது?

— என்ன எழுதுகிறேன் நான்.

மார்ச் 15

இவளைப் பல் டாக்டரிடம் அழைத்துப் போனேன். முதல் சிக்னலில் என் கால் பழக்கத்தில் ஓங்கி ஒரு மிதி, எடுத்து இன்னொரு மிதி. இது ஒழுங்கான பிரேக். வண்டி தூக்கிப்போட்டது. பெல்ட் மட்டும் இல்லையென்றால் இவள் நெற்றி கண்ணாடியில் மோதியிருக்கும். பின்னால் வந்தவன் ஹாரனை அழுத்திக்கொண்டே திட்டினான்.

"என்னங்க இது? இந்த வண்டிக்கும் பிரேக் சரியில்லையா?"

சிக்னல் மாறியது. கொஞ்ச தூரம் போனதும் இவளே மெதுவாகக் கேட்டாள்.

"அந்தக் கடையில சொன்னீங்கதானே?"

"என்னத்த?"

"என்னத்தன்னு உங்களுக்குத் தெரியும்."

"அவங்க கேக்கல."

"கேக்கலையா?"

கேட்டார்கள். நாற்காலி போட்டுக் கேட்டார்கள். தம்பியின் கையைப் பற்றியும் சொல்லவேண்டியதாயிற்று. இவள் அழுவாள், கத்துவாள் என்று நினைத்தேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். டாக்டர் வீட்டு வாசலில் இறங்கும்போது மட்டும் சொன்னாள்: "லாரிக்காரன் சீட்டுக்கடியில ஆள ஒளிச்சுவச்சா ஊரக் கூட்டுவீங்களே."

காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருந்தேன். எதிரே ஒரு மீன் தொட்டி.

மார்ச் 16

கடைக்குப் பாதி வழி போனேன். போய் என்ன சொல்வது? திரும்பிவிட்டேன். பெட்ரோல் போட்டுவரப் போனதாக இவளிடம் சொன்னேன். இவள் ஒன்றும் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன்.

மார்ச் 17

சொல்லிவிட்டேன்.

நின்றுகொண்டே சொன்னேன். நாற்காலியை இழுத்துப் போட்டார், உட்காரவில்லை. முதல் மிதி, இரண்டாவது மிதி, மெக்கானிக் சொன்னது, எல்லாம். அந்த அம்மா எழுந்து பின்பக்கம் போய் அந்த வண்டியில் ஏறி உட்கார்ந்தார். அன்றைக்குப் பல தடவை மிதித்துப் பார்த்ததால்தான் கல் மாதிரி நின்றிருக்கிறது. இப்போது கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு ஒரே ஒரு மிதி. பெடல் சத்தமில்லாமல் தரைக்குப் போயிற்று. காலை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"பழக்கம்னு சொன்னீங்க."

"ஆமா."

"அதுவும் பொய் இல்ல, இல்லீங்களாய்யா?"

"இல்ல."

"அதான். பொய் சொல்றவங்கள எனக்குப் பாத்தாலே தெரிஞ்சுரும். அதுக்குத்தான் கேள்வியே கேக்கறது."

ரிப்பேர்ச் செலவு, கைக்கு ஆன செலவு, எல்லாம் என்னுடையது என்றேன். அதை மறுக்கவில்லை. "அது சரி. ஆனா நான் அவன மூணு பேர் முன்னாடி திட்டினேன். அத நீங்க எப்படிக் குடுப்பீங்க?" என்று கேட்டுவிட்டுத் தம்பியைக் கூப்பிட்டார்.

அவன் வந்து நின்றான். என் மகளைவிடச் சின்னவன். மன்னிப்பு என்கிற சொல்லை நான் யாரிடமும் சொன்னதில்லை. தொண்டைவரை வந்தது. வாயில் வந்தது வேறு.

"கை எப்படிப்பா இருக்கு?"

"உங்க கைல இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றான்.

அக்கா அவனை அதட்டவில்லை. நானும் கோபப்படவில்லை. கோபம் வருமென்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன்.

பிறகு அந்தச் சொல்லைச் சொன்னேன். சரியாகச் சொன்னேனா தெரியவில்லை, இருமல் வந்துவிட்டது. அவன் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனான்.

மார்ச் 18

இவளிடம் சொன்னேன். "ம்" என்றாள்.

ஏப்ரல் 21

சாம்பல் வண்டி என் பெயருக்கு மாறிய காகிதங்கள் வந்துவிட்டன என்று கடையிலிருந்து போன் வந்தது. போனேன். தம்பிக்குக் கட்டுப் பிரித்தாகிவிட்டது. மணிக்கட்டு மட்டும் வெளுத்திருந்தது. சாவிக் கொத்து அவன் இடுப்பில் தொங்கியது. வாங்க என்றான், ஐயா என்று சேர்க்கவில்லை.

எனக்கு முன்னால் ஒருவர் வண்டி விற்க வந்திருந்தார். என் வயதுதான் இருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, கண்ணாடிக் கூடு பையில். வண்டியைத் தம்பி ஓட்டிப் பார்ப்பான் என்றதும் அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"நானே ஓட்டிக் காட்டறேனே. எதுக்கு அவரு?"

"இல்லங்கய்யா, சாவியக் குடுங்க. அவன்தான் ஓட்டுவான். மெக்கானிக்கும் பாப்பாரு."

"என் மூஞ்சியப் பாத்தா ஏமாத்தறவன் மாதிரியா தெரியுது?"

"சேச்சே. மூஞ்சியப் பாத்து வாங்கறத விட்டுட்டேங்கய்யா, அவ்வளவுதான்."

மரியாதையாகத்தான் சொன்னார். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. அந்த மனிதர் சாவியைக் கையில் இறுக்கிக்கொண்டு, ஒரு துணை தேடுகிற மாதிரி, என்னைப் பார்த்தார். "பாருங்க சார், இந்த வயசுல நமக்கு இது தேவையா?"

நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன். சரியாகத்தான் இருந்தது.